கேபிள் பெட்டியின் குழந்தைப் பூட்டு: மாலை நேரத்துக்கு உதவுகிறதா?

பத்து மாதங்களுக்கு முன் எங்கள் பகுதிக் கேபிள்காரர் பழைய செட் டாப் பாக்ஸை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வந்தபோது, அதில் குழந்தைப் பூட்டு உண்டா என்பதைத்தான் முதலில் கேட்டேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான், அதுவும் கூடத்தில் இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வீட்டுப்பாடம் எழுதுவதும், மாமியார் தொடர் பார்ப்பதும் அதே கூடத்தில்தான்.

பூட்டை அமைப்பது எளிது. மெனுவுக்குள் சென்று நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தால் சேனல் பட்டியல் வருகிறது. வேண்டாதவற்றைக் குறித்துவிட்டால் போதும். பெட்டியோடு வரும் எண்ணை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் குழந்தைகள் இரண்டே முயற்சியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மின்சாரம் போய் வந்தாலும் பூட்டு கலைவதில்லை. ஆங்கிலப் படச் சேனல்களையும் வேறு சிலவற்றையும் பூட்டி வைத்தேன். இதுவரை ஒருமுறைகூடப் பிசகவில்லை.

ஆனால் எனக்கு உண்மையில் உதவி தேவைப்படுவது மாலை ஆறரை மணி முதல் ஒன்பதரை மணி வரைதான். இந்தப் பெட்டி சேனலைப் பூட்டுமே தவிர, நேரத்தையோ நிகழ்ச்சியையோ பூட்டாது. மாமியார் பார்க்கும் சேனலில்தான் காலையில் பக்திப் பாடலும் ஞாயிறன்று குழந்தைகளின் பாட்டுப் போட்டியும் வருகின்றன. அதே சேனலில் ஒருநாள் ஏழரை மணிக்கு மருமகள் பாலில் விஷம் கலந்தாள். பிறகு கன்னத்தில் விழுந்த ஓர் அறையை மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டினார்கள். "பாட்டி, அந்த அத்தை பாலில் என்ன கலக்குறாங்க?" என்று மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். மாமியார் சட்டென்று ஒலியைக் குறைத்தார், ஆனால் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நாள் முழுவதும் வேலை செய்து ஓய்ந்தவரிடம் அந்த மாலை நேரத்தையும் விட்டுக்கொடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இது பெட்டியின் குறை மட்டுமல்ல. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995இல் வந்தது. அதன் விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொருந்தாத நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. அந்த நேரம் எது என்பதை மட்டும் அது மணிக்கணக்கில் வரையறுக்கவில்லை. 2011இல் ஒளிபரப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட நெறிமுறை, பொதுவானவை, கட்டுப்படுத்தப்பட்டவை என்று நிகழ்ச்சிகளை இரண்டாகப் பிரித்து, பின்னவற்றை இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரைக்கு ஒதுக்கியது. தொடர்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது என்பதால், எது எந்த வகை என்று முதலில் முடிவு செய்வது சேனலே. பிரிட்டனில் இரவு 9 மணி என்பது பெற்றோர் அனைவரும் அறிந்த எல்லைக்கோடு. அதற்கு முன் சிறுவர்களுக்குப் பொருந்தாத காட்சி வந்தால் அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு விசாரித்து அபராதமே விதிக்கலாம். 9 மணி அடித்த உடனேயே கடுமையான காட்சிகளுக்குத் திடீரென்று தாவக் கூடாது என்றும் அங்கே விதி இருக்கிறது.

என்னை மிகவும் வருத்திய விஷயம் வேறு. மாமியார் பார்க்கும் அதே தொடர் கைபேசிச் செயலியிலும் வருகிறது. அங்கே தொடக்கத்திலேயே 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்ற குறி இருக்கிறது. இணையவழி ஒளிபரப்புக்கு 2021இல் வந்த விதிகள் வயதுக் குறியைக் கட்டாயமாக்கியதுதான் காரணம். கூடத்துத் தொலைக்காட்சியில் அதே காட்சி எந்தக் குறியும் இல்லாமல் ஏழரை மணிக்கு வருகிறது. அந்தக் குறி கேபிள் வழியாகவும் வந்து, பெட்டி அதைப் படிக்கக்கூடியதாக இருந்தால், சேனலைப் பூட்டாமல் அந்த ஒரு தொடரை மட்டும் பூட்டலாம். மாமியார் தம் எண்ணை அழுத்திப் பார்த்துக்கொள்வார். கேபிள்காரரிடம் கேட்டேன். மேலிருந்து வந்தால்தான் பெட்டியில் தெரியும் என்றார். அவர் சொன்னது சரிதான்.

புகார் வழியையும் பயன்படுத்திப் பார்த்தேன். 2021இல் திருத்தப்பட்ட கேபிள் விதிகளின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கும், அதன் பிறகு மத்திய அரசுக்கும் மேல்முறையீடு செய்யலாம். தேதி, நேரம், தொடரின் பெயர், காட்சியின் விவரம் ஆகிய நான்கையும் குறித்து அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் வந்த பதிலில், நிகழ்ச்சிக் குழுவின் கவனத்துக்குக் கொண்டு சென்றிருப்பதாக ஒரே வரி இருந்தது. மேல்முறையீட்டை எழுதி முடித்துவிட்டேன். இந்த வாரம் அனுப்புகிறேன்.

இரவு நேரப் படங்களுக்கு இந்தப் பூட்டு போதும். அதற்காக இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். மாலைக்காக இதை நம்பி வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது ஏழு மணிக்கு வீட்டுப்பாட நோட்டு சமையலறை மேடைக்கு வந்துவிடுகிறது, கதவைப் பாதி சாத்திக்கொள்கிறோம்.