மூக்கடைப்பு சார்ட்டுகளும் ஒரு ஆட்டோ கோடிங் மென்பொருளும்

அமெரிக்க இஎன்டி (காது, மூக்கு, தொண்டை), அலர்ஜி கிளினிக்குகளின் சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை, ஆடிட் செய்வது என் வேலை. டாக்டர் எழுதியதை பில்லிங்குக்கான குறியீடுகளாக (கோடு) மாற்றும் கோடர்கள் போட்டதைத் திரும்பப் பார்த்து, தப்பு என்றால் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அதனால் டீமில் பலருக்கு என்னைக் கண்டாலே தும்மல் வரும். இப்போது, டாக்டர் எழுதிய நோட்டைத் தானே படித்து கோடு எடுத்துக் கொடுக்கும் ஒரு மென்பொருளை வைத்து வேலை செய்கிறோம். பெயர் வேண்டாம். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் விற்க வந்தவர் சொல்லும் காரணத்துக்காக வாங்காதீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஹே ஃபீவர்' என்று எழுதியிருந்தால் காய்ச்சல் என்று மயங்காமல் நேராக மகரந்த அலர்ஜிக்கான ஜே30.1-க்குப் போகிறது. 'பெரெனியல் அலர்ஜிக் ரைனைட்டிஸ்' (ஆண்டு முழுவதும் இருக்கும் அலர்ஜி மூக்கழற்சி) என்றால் ஜே30.89, பூனை, நாய் முடி என்றால் ஜே30.81. மகரந்தம், தூசிப்பூச்சி இரண்டையும் டாக்டர் அசெஸ்மெண்டில் (நோய் முடிவை எழுதும் பகுதியில்) காரணமாக எழுதியிருந்தால் ஜே30.1, ஜே30.89 இரண்டையுமே எடுத்து வைக்கிறது. அவசரத்தில் இருக்கும் கோடர் முதலாவதோடு நிறுத்திவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோடு பட்டியலான ஐசிடி-10 படித்து வந்த புதியவர்கள் ஜே30.4 என்று அடித்தால், அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம்மில் அப்படி ஒன்று கிடையாது, காரணம் குறிப்பிடாத அலர்ஜிக் ரைனைட்டிஸுக்கு ஜே30.9-ஐப் பார் என்று அங்கேயே தடுக்கிறது. 'சோர் த்ரோட்' என்றால் ஜே02.9, 'த்ரோட் பெயின்' என்றால் ஆர்07.0 என்ற வித்தியாசம்கூட அதற்குத் தெரிகிறது. தொண்டை வலிக்கும் எந்த மனிதருக்கும் இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம் தொல்லை ஆரம்பிக்கிறது. இதற்கு மருந்துச் சீட்டைப் படித்து நோயைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இருக்கிறது. டாக்டர் வெறும் 'ரைனைட்டிஸ்' என்று எழுதி, கீழே அலர்ஜிக்குக் கொடுக்கும் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயும் செட்டிரிசினும் கொடுத்திருப்பார். மென்பொருள் உடனே ஜே30.9 போட்டு, பக்கத்தில் பச்சை நிறத்தில் 'உறுதி' என்று காட்டும். அலர்ஜி என்று டாக்டர் சொல்லவே இல்லையே! வகை குறிப்பிடாத ரைனைட்டிஸ் ஜே31.0-க்குத்தான் போக வேண்டும். ஜே30-க்குக் கீழே உள்ள எக்ஸ்குளூட்ஸ்1 (இந்தக் கோடோடு சேர்த்துப் போடக் கூடாதவை) குறிப்பே அதைச் சொல்கிறது. மருந்தை வைத்து டயக்னோசிஸை ஊகிப்பது கோடரின் வேலை அல்ல, கணினியின் வேலையும் அல்ல. அந்தப் பச்சை நிறம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்ததும் நோட்டைத் திறப்பதே இல்லை.

'ரூல் அவுட் அலர்ஜிக் ரைனைட்டிஸ்' (இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்), 'ப்ராபபிள்' (இருக்கலாம்) இரண்டிலும் இதே கதைதான். அவுட்பேஷண்ட் (வெளிநோயாளி) விதிப்படி சந்தேகத்தை நோயாகக் கோடு செய்யக் கூடாது. மூக்கடைப்பு என்றால் ஆர்09.81, அவ்வளவுதான் போட வேண்டும். இது முன்னால் நிற்கும் சொல்லை விழுங்கிவிட்டு ஜே30.9 தருகிறது. உறுதியான அலர்ஜிக் ரைனைட்டிஸ் இருக்கும் இடத்திலோ, நோயோடு இயல்பாக வரும் அதே மூக்கடைப்பைத் தனியாக ஒரு வரி சேர்க்கிறது. எங்கே போட வேண்டுமோ அங்கே இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது.

ஆஸ்துமா விஷயம் இன்னும் மோசம். அலர்ஜிக் ரைனைட்டிஸோடு ஆஸ்துமாவும் இருந்தால் கோடு தேடும் இண்டெக்ஸ் நம்மை ஆஸ்துமா கோடான ஜே45.909-க்கு அனுப்புகிறது. ஜே30-இன் எக்ஸ்குளூட்ஸ்1-இலும் அது இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போடாதே என்பதுதான் அதன் பொருள். மென்பொருள் ஜே30.1, ஜே45.909 இரண்டையும் ஜோடியாகக் கொடுக்கிறது. குறிப்பைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சின்ன அம்புக்குறியை அழுத்தித் திறக்க வேண்டும். மூச்சு உறுப்பு நோய்களுக்கான பத்தாவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் உள்ள குறிப்பு, வீட்டில் யாராவது புகைத்தால் இசட்77.22 சேர் என்கிற வகை, அம்புக்குறிக்குள்ளும் இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி இலவசமாகத் தரும் டேபுலர் லிஸ்டைத் (கோடுகளின் வரிசைப் பட்டியல்) திறந்து வைத்துக்கொண்டுதான் நான் இதையெல்லாம் சரிபார்க்கிறேன்.

தொண்டை அலர்ஜி என்று டாக்டர் எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு ஜே39.3 (மேல் மூச்சுப்பாதை ஒவ்வாமை) தருகிறது. அந்தக் கோடின் தலைப்பிலேயே 'இடம் குறிப்பிடப்படாத' என்று இருக்கிறது, இங்கே டாக்டர் தொண்டை என்று இடத்தையே சொல்லியிருக்கிறார். இந்த மாதிரி நோட்டை டாக்டரிடமே திருப்பிக் கேட்பதுதான் முறை.

அந்தக் கேள்வி கேட்கும் பகுதிக்காகத்தான் இதை வாங்கச் சொல்கிறேன். டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குவெரி பட்டனை அழுத்தினால், நோட்டிலிருந்து சம்பந்தப்பட்ட வரிகளைத் தானே எடுத்து மேலே வைக்கிறது. தும்மல் எந்த மாதத்தில், ஸ்கின் டெஸ்டில் எது பாசிட்டிவ், கண் அரிப்பு உண்டா, எல்லாம் ஒரே பார்வையில். கீழே மகரந்தம், விலங்கு முடி, உணவு, மற்றவை, தீர்மானிக்க முடியவில்லை என்று விருப்பங்கள். ஒரே பதிலைத் திணிக்கவில்லை, பணம் கூடும் குறையும் என்ற பேச்சே இல்லை. குவெரியை இப்படித்தான் எழுத வேண்டும். கையால் எழுதும்போது எங்கள் ஆட்கள் பாதி நேரம் 'மகரந்த அலர்ஜிதானே, உறுதி செய்யவும்' என்று பதிலையும் சேர்த்தே அனுப்புவார்கள். டாக்டர்களும் இதற்கு வேகமாகப் பதில் போடுகிறார்கள், டிக் அடித்தால் போதும் என்பதால். பதில் நோட்டில் அடெண்டமாக (பின்சேர்க்கையாக) ஏறிவிடுகிறது.

சிபிடி (டெஸ்ட், ஊசி போன்ற செயல்களுக்கான கோடுகள்) பக்கம் சுமார். அலர்ஜி ஸ்கின் டெஸ்டுக்கான 95004-க்கு எத்தனை டெஸ்ட் என்று எண்ணிக் கொடுக்கிறது, சரி. ஆனால் அலர்ஜி ஊசி மூன்று போட்டால் அதற்கான 95117-ஐ மூன்று யூனிட் ஆக்குகிறது. இரண்டோ அதற்கு மேலோ, அது ஒரு முறைதான்.

டெமோ கேட்பவர்கள் விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரி நோட்டை நம்பாதீர்கள். பெயர் விவரம் நீக்கிய உங்கள் நோட்டுகளையே கொடுங்கள்: ஸ்ப்ரே மட்டும் எழுதிய வெறும் ரைனைட்டிஸ் ஒன்று, ரூல் அவுட் ஒன்று, ஆஸ்துமாவோடு வந்தது ஒன்று. கூடவே, ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதி வரும் கோடு மாற்றமும் என்றைக்கு ஏறும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை நிறத்தை அணைத்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். எங்களுடையதில் முடியாது.