குழந்தை பெயர் போட்ட இளவரசிக் கதைப்புத்தகம் ஆர்டர் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

1,850 ரூபாய் போன எரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்குப் பள்ளியில் கன்னடம், இங்கிலீஷ், ஹிந்தி. தமிழ் என்றால் பாட்டி சொல்லிக்கொடுப்பதுதான். அதனால் இன்ஸ்டாகிராமில் "உங்கள் மகளே கதையின் இளவரசி, தமிழில்" என்று விளம்பரம் பார்த்ததும் ஏழாவது பிறந்தநாளுக்கு இதுதான் பரிசு என்று முடிவு செய்துவிட்டேன். மாதிரிப் பக்கம் ஒன்று காட்டினார்கள், அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. பெண் கேட்டு வந்த அரக்கனிடம் இளவரசி "முதலில் ஆதார் கார்டு, அப்புறம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு" என்கிறாள், அவன் ஆதார் எடுக்க க்யூவில் போய் நின்றவன்தான், திரும்பி வரவே இல்லை. பாட்டி அப்படிச் சிரித்தார். முழுப் பணமும் முன்னாடியே கட்டினேன். குழந்தையின் போட்டோ, பள்ளிப் பெயர், பிடித்த நிறம் எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். (பள்ளிப் பெயர் எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை, அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.)

பிறந்தநாள் முடிந்து ஆறு நாள் கழித்து வந்தது. பன்னிரண்டு பக்கம், ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய தாள். "அரண்மனையில் ஒரு பெரிய பந்து நடைபெற்றது. இளவரசன் அவளுடைய கையைக் கேட்டான். அரசர் கொடுக்க மறுத்தார்." மகள் பாட்டியிடம் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். "பாட்டி, பந்து எப்படி நடக்கும்? கையை எதுக்குக் கேக்கறான், வெட்டி எடுத்துட்டுப் போகவா?" (இங்கிலீஷில் "ball" என்ற நடன விருந்தைப் பந்தாக்கி, பெண் கேட்பதைக் கை கேட்பதாக்கி, வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருக்கிறார்கள்.) நாலாம் பக்கத்தில் இளவரசியின் பெயர் "குழந்தை பெயர் இங்கே". எட்டாம் பக்கத்தில் யாரோ வேறு குழந்தையின் பெயர். படத்தில் இவள் முகம்தான், ஆனால் இடது கையில் ஆறு விரல். அவன் கை கேட்டதில் நியாயம் இருக்கிறது போல.

வாட்ஸாப்பில் கத்தினேன். உடனே பதில், அவ்வளவு மரியாதை. "ஸாரி மேடம், ஃபுல் ரீஃபண்ட். இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்." கோபத்தில் நானும் ஸ்கேன் செய்துவிட்டேன். 4,850 என்று திரையில் வந்து பின் கேட்கிறது. பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, காய் வண்டிக்காரர்கிட்ட ஸ்கேன் பண்ணா பணம் போகும்ல? இது மட்டும் எப்படி வரும்?" என்றாள். விரலை எடுத்துவிட்டேன். யுபிஐயில் நாம் பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்க எந்த நம்பரும் அடிக்க வேண்டாம். எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் ஆத்திரத்தில் இருக்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது.

"இது பணம் போற க்யூஆர்" என்று எழுதியதும் பிளாக் செய்துவிட்டார்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து, சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதிந்தேன். பணமே போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அந்த நம்பரைத்தான் கூப்பிட வேண்டும், சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. புத்தகத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் விற்பவர் தன் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரியின் விவரம் எல்லாம் வெளியே காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளிலேயே இருக்கிறதாம். இந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு வாட்ஸாப் நம்பர் மட்டும்தான், ஆர்டர் செய்வதற்கு முன்னால் அதையாவது பார்த்திருக்கலாம். மாதிரிப் பக்கம் ஒன்று போதாது, உங்கள் குழந்தையின் பெயர் போட்ட முழு பிடிஎப் வாங்கிப் படித்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள். முகம் தெரியும் போட்டோவைக் கொடுக்கும் முன் பத்து தடவை யோசியுங்கள், என் பெண்ணுடையது இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

புத்தகத்தைத் தூக்கிப் போடலாம் என்றால் அவள் விடவில்லை. பென்சிலால் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். "அரசர் கொடுக்க மறுத்தார்" என்பதற்குக் கீழே இப்போது, "இளவரசி சொன்னாள்: எனக்கு ஆறு விரல், ஒன்று வேணும்னா எடுத்துக்கோ, ஆனா பின் நம்பர் கேக்காதே."