சுங்கை பூலோ: பறவைப் படம் எடுக்க நேரம் குறிப்பது ஓதம்தான்

விடியலிலேயே சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய், “பறவையே இல்லை” என்று திரும்புபவர்கள் பலர். வெளிச்சம் அருமையாக இருந்திருக்கும், ஆனால் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) இறங்கியிருக்கும். அந்நேரம் பவளக்காலி, பச்சைக்காலி போன்ற கரைப்பறவைகள் எல்லாம் ஜோகூர் நீரிணையோரச் சேற்றில் சிதறி இரை தேடும். கடல் ஏறிச் சேறு மூழ்கிய பிறகுதான் கூட்டமாக உள்ளே வரும். காப்பகத்தின் குளங்கள் பழைய இறால் பண்ணைகள். மதகால் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், வெளியே நீர் நிறைந்தாலும் உள்ளே நிற்க இடம் இருக்கும். ஓத உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, பறவைகளுக்குத் தெரியாமல் பார்க்க அமைத்த மறைவிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். உச்சம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் அடுத்த சனிக்கிழமை பிற்பகல்.

வலசைக் காலம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. மற்ற மாதங்களில் சாம்பல் நாரை, மீன்கொத்தி, கொக்கு உண்டு. ஆனால் இந்த இடத்தின் பெருமை வலசைப் பறவைகளே.

300 மிமீ லென்ஸ் போதாது, பறவை புள்ளியாகத்தான் விழும். 500 அல்லது 600 வேண்டும். மறைவிடத்தில் கேமரா முக்காலி விரித்தால் அடுத்தவருக்கு இடமிருக்காது, லென்ஸைத் தாங்க மணல்பை வசதி. பலகைப் பாதையில் யாராவது நடந்தாலே முக்காலி அதிரும், ஆள் கடக்கும்வரை பொறுங்கள். கொக்கின் வெள்ளை வெளுத்துப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) 0.7 முதல் 1 ஸ்டாப் குறைக்கவும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் ஆடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது, பக்கத்தில் இருக்கும் பறவையை மட்டும் எடுங்கள். குளிரூட்டிய ரயிலிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பை அரைமணி நேரம் மூடியே இருக்கட்டும்.

பறவைக் குரலை ஒலிபரப்பிக் கூப்பிடுவதை மன்னிக்கவே முடியாது. சைபீரியா போன்ற தொலைவிலிருந்து வந்து இளைப்பாறும் உயிர்கள் அவை. ஒருமுறை மிரண்டு எழும்பினாலே சேர்த்த சக்தி வீணாகும்.

நுழைவு இலவசம், காலை 7 முதல் மாலை 7 வரை. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பேருந்து 925. குடிநீர், கொசு மருந்து, மழையுறை கையோடு வேண்டும். உப்புநீர் முதலைகள் நடமாடும் இடம், ஆகவே தாழ்ந்த கோணம் கிடைக்கும் என்று பாதையை விட்டுக் கரையில் இறங்காதீர்கள். வார நாளில் போனால் மறைவிடத்தில் நல்ல இடம் சுலபமாகக் கிடைக்கும்.