டெல்டா ரோட்டில் ஐயோனிக் 5: ஃபார்ச்சூனருக்குப் பிறகு இரண்டு வருடம்

கும்பகோணம் பக்கம், நாச்சியார்கோவிலுக்கும் குடவாசலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிராமம். ஒரு அரிசி ஆலை, கொஞ்சம் நிலம். 2017-ல் வாங்கிய டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.8 டீசலை ஏழு வருடம் ஓட்டி, 1,80,000 கிலோமீட்டரில் விற்றேன். 2024 தொடக்கத்தில் ஹூண்டாய் ஐயோனிக் 5 என்ற எலக்ட்ரிக் கார் வாங்கினேன். இன்று அதன் மீட்டரில் 46,000. இரண்டையும் சொந்தமாக வைத்து ஓட்டியவன் என்பதால் மாதத்துக்கு நாலு பேராவது போன் போட்டு "எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். போனில் பாதி சொல்கிறேன், பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் புது ஃபார்ச்சூனர் 4x4-தான் என் மனதில் இருந்தது. பழைய வண்டி என்னை ஒரு நாள்கூட வழியில் நிறுத்தியதில்லை. அதை விற்கும்போது விளம்பரம்கூடப் போடவில்லை, மூன்று நாளில் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனார். மனதை மாற்றியது ஒரு நோட்டு. டீசல் கணக்குக்காக டேஷ்போர்டு பெட்டியில் அதை வைத்திருந்தேன். எங்கே போனோம், எத்தனை பேர், எவ்வளவு டீசல் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவேன். விற்கும் முன் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து ஏழு வருடத்தையும் புரட்டினேன். 4x4 போட்டது மொத்தம் நாலே தடவை. கஜா புயலுக்கு மறுநாள் ஒன்று, கொள்ளிடப் படுகையில் கரும்பு பார்க்கப் போனபோது மூன்று. ஏழு பேர் ஏறிய நாள் வருடத்துக்குப் பத்தைத் தாண்டவில்லை. மற்ற நாளெல்லாம் ஆலை, கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி; நானும் இன்னொருவரும்; ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டருக்குள். மகள் சென்னையில் படிப்பதால் மாதம் ஒரு தடவை அங்கே.

அந்தப் பத்து நாளுக்காகவா இரண்டு டன் வண்டியை வருடம் முழுக்க டீசல் ஊற்றி ஓட்டினோம் என்று தோன்றியது.

சித்தப்பாவுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. "தம்பி, நாலு பேர் மத்தியில போய் இறங்கறப்ப வண்டி வண்டியா இருக்கணும். இது பாக்கறதுக்கு பொம்மை மாதிரி இருக்கு" என்றார். "ஓட்டிப் பாருங்க சித்தப்பா, அப்புறம் சொல்லுங்க" என்றேன். ஓட்டவில்லை. பக்கத்து சீட்டில் மட்டும் உட்கார்ந்து வந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் கொள்முதல் நிலையம் ஆகட்டும், கோவில் கமிட்டி ஆகட்டும், ஃபார்ச்சூனரில் போய் இறங்கினால் கிடைக்கும் மரியாதை வேறு. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

விலைக்கு வருகிறேன். அந்தச் சமயத்தில் ஷோரூம் விலையில் இரண்டுமே 40 லட்சத்தைத் தாண்டியிருந்தன. பெரிய வித்தியாசம் வரியில் வருகிறது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 40 லட்சத்துக்கு அதுவே 8 லட்சம். நான் வாங்கியபோது எலக்ட்ரிக் வண்டிக்கு அந்த வரி முழு விலக்கு. எங்கள் வீட்டில் வாக்குவாதம் முடிந்ததே இந்த எட்டு லட்சத்தில்தான்.

ஓட்டும் செலவு: ஃபார்ச்சூனர் எனக்கு லிட்டருக்குப் பத்து கொடுத்தது, அதாவது கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல். ஐயோனிக், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 யூனிட் எடுக்கிறது. ஆனால் இதை "100 யூனிட் இலவசம்" கணக்கோடு போட்டுப் பார்க்காதீர்கள். கார் வந்தவுடன் வீட்டு மீட்டர் மேல் அடுக்குக்குத் தாவிவிடும், அங்கே யூனிட் பத்து, பதினொரு ரூபாய். அப்படிப் போட்டாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்தான். என் முதல் பில் வந்ததும் மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டேன். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 20 யூனிட் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதில் பாதிகூட வராது.

"மோட்டார் கொட்டகையில ஃப்ரீ கரண்ட் இருக்கே, அங்க சொருகிக்க வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அது பயிருக்குக் கொடுத்த மின்சாரம். பிடிபட்டால் அபராதம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சலுகை நிலைப்பது நம் எல்லாருக்கும் வேண்டும்.

வீட்டில் சார்ஜர் மாட்டும்போது நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 7.2 கிலோவாட் பெட்டி. மாட்டி, காரில் சொருகினால் சிவப்பு விளக்கு. மறுபடி சொருகினால் மறுபடி சிவப்பு. இரண்டு நாள் சார்ஜரைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் எங்கள் வயதான எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா காலத்தில் புதைத்த குழாய் துருப்பிடித்து, தரையோடு பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, செப்புப் பட்டையை இழுத்துக் கொண்டுவந்தார். பச்சை விளக்கு எரிந்தது. இத்தனை வருடம் அந்த எர்த்தை நம்பித்தான் ஹீட்டரும் கிரைண்டரும் ஓட்டியிருக்கிறோம். நீங்கள் எலக்ட்ரிக் கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வீட்டு எர்த்தை ஒரு தடவை பாருங்கள்.

குறுவை சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட் எல்லாம் ஓடும், வோல்டேஜ் இறங்கும். அதனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் சார்ஜ் போடுகிறேன். 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஆறு மணி நேரம். காலையில் கொல்லைப் பக்கம் போகும்போது கழற்றிவிடுவேன்.

ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், அதாவது ரேஞ்ச், 631 கிலோமீட்டர் என்கிறது வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அராய் நிறுவனம். ஏசி போட்டு நம் ரோட்டில் எனக்கு 450 வருகிறது. நெடுஞ்சாலையில் நூறில் பிடித்தால் 400. எங்கள் ஊரிலிருந்து சென்னை சுமார் 300. போக ஒரே மூச்சு. திரும்பும்போதுதான் வேலை. 350 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80-க்கு 18 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் என் வழியில் எனக்குக் கிடைப்பது 60 கிலோவாட். அதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போன சித்திரையில் விழுப்புரம் தாண்டி ஓர் ஓட்டல் வாசலில் இருந்த இரண்டு சார்ஜிங் கன்னில் ஒன்று செத்துக் கிடந்தது, இன்னொன்றில் வேறொருவர் வண்டி. அம்மாவை வைத்துக்கொண்டு ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்து, அதன் பிறகுதான் எங்கள் சார்ஜே ஆரம்பித்தது. வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்று. அன்று டீசல் வண்டியை நினைத்தேன். இப்போது மகள் இருக்கும் அபார்ட்மென்டில் கேட்டு, சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

இனி ரோடு. அறுவடை காலத்தில் நம் ரோடு பாதி களம். ஒரு பக்கம் நெல் காயும், இன்னொரு பக்கம் உளுந்துச் செடியைப் பரப்பி வண்டி ஏறட்டும் என்று விட்டிருப்பார்கள். டீசல் வண்டியில் அதன் மேல் போகும்போது எனக்கு எப்போதும் பயம். காய்ந்த தட்டை அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்ஸர் சூட்டில் பற்றி எரிந்த வண்டிகள் உண்டு. எலக்ட்ரிக்கில் சைலன்ஸர் இல்லை, அந்தச் சூடு இல்லை. ஆனாலும் தட்டை அச்சில் சுற்றத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் குனிந்து பார்த்து உருவி எடுத்துவிடுவேன்.

சத்தம் இல்லாதது உள்ளே இருப்பவருக்குச் சுகம், ரோட்டில் போகிறவருக்கு ஆபத்து. மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு செயற்கை ஒலியை எழுப்பும். பால் கேனை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் பெரியவருக்கு அது போதாது. தூரத்திலேயே ஹாரன் அடித்துப் பழகிக்கொண்டேன்.

பார்க்கச் சின்ன வண்டி என்று நினைத்து அக்ரகாரத் தெருவில் நுழைக்காதீர்கள். ஐயோனிக்கின் அகலம் 1,890 மில்லிமீட்டர், ஃபார்ச்சூனர் 1,855. அடிப்பகுதிக்கும் தரைக்கும் 163 மில்லிமீட்டர். எங்கள் மதகு மேட்டில் ஃபார்ச்சூனரை நேராக ஏற்றுவேன். இதைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுகிறேன். பேட்டரி தண்ணீர் புகாத ஐபி67 தரம்தான். இருந்தும் ரோட்டில் தண்ணீர் ஓடினால் இறக்குவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். ஸ்டெப்னி கிடையாது, ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் பம்பும்தான். வலங்கைமான் ரோட்டில் பெயர்ந்து கிடந்த கருங்கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தபோது மருந்து உதவவில்லை. லாரியில் ஏற்றித்தான் வந்தோம். 20 அங்குல டயர் கும்பகோணத்தில் இல்லை, வெளியூரிலிருந்து வர நாலு நாள் ஆயிற்று.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஃபார்ச்சூனரில் ஏற ஒரு முக்காலி எப்போதும் டிக்கியில் இருக்கும். நான் முக்காலியை வைத்துப் பிடித்துக்கொள்ள, அம்மா புடவையைச் சேர்த்துப் பிடித்து, மேலே உள்ள கைப்பிடியைப் பற்றி, "முருகா" என்று ஏறுவார். இதில் சீட்டு இடுப்பு உயரத்தில் இருக்கிறது, கீழே தளம் சமம். முதுகைத் திருப்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். ஒப்பிலியப்பன் கோவிலுக்கு மாதா மாதம் போகலாம் என்று அவரே சொல்ல ஆரம்பித்தது இந்த வண்டி வந்த பிறகு.

2018 நவம்பர் 16, கஜா கரையேறிய நாள். எங்கள் ஊரில் ஆறு நாள் கரண்ட் இல்லை. மன்னார்குடி, முத்துப்பேட்டைப் பக்கம் அதைவிட அதிகம். அம்மாவின் இன்சுலினை ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்து, நாளைக்கு நாலு தடவை தண்ணீர் தெளித்தோம். 80 லிட்டர் டீசல் டேங்க் வண்டி வாசலில் நின்றது, அதை வைத்து வீட்டில் ஒரு ஃபேனைக்கூட ஓட்ட முடியவில்லை.

2024 நவம்பர் கடைசியில் டெல்டாவை முக்கிய மழையில் எங்கள் தெருவுக்குப் பத்தொன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. ஐயோனிக்கின் சார்ஜ் வாயில் ஒரு அடாப்டரைச் சொருகினால் 3.6 கிலோவாட் வரை வெளியே எடுக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், விளக்கு ஓட்டினோம். அரை ஹெச்பி மோட்டாரில் தண்ணீர் டேங்க்கும் நிரம்பியது. அக்கம்பக்கத்தினர் திண்ணையில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள். கரண்ட் வந்தபோது பார்த்தேன், பேட்டரி 82-லிருந்து 72-க்குத்தான் இறங்கியிருந்தது. இன்சுலின் ஃபிரிட்ஜிலேயே இருந்தது. ஷோரூமில் இதை யாரும் எனக்குச் சொல்லி விற்கவில்லை. ஆனால் கடலோர மாவட்டத்துக்காரன் என்ற முறையில் எனக்கு இதுதான் இந்த வண்டியின் முதல் குணம்.

பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. மறுவிற்பனையில் ஃபார்ச்சூனர் பக்கத்தில் இது நிற்காது என்று தெரிந்தேதான் வாங்கினேன். பத்து வருடம் வைத்துக்கொள்வேன். சொந்த வாசல், சொந்த மீட்டர் இல்லாதவர்களுக்கும், தினமும் படுகைக்குள் இறங்குகிறவர்களுக்கும் டீசல்தான் சரி, நானே அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன்.

ஏழு பேர் போகும் நாளுக்கு வாடகை வேன் சொல்லிக்கொள்கிறோம். ஆவணியில் தங்கை மகள் கல்யாணம், மாயவரத்தில். அதற்கும் வேன் பேசியாயிற்று. சித்தப்பா மட்டும் வேனில் வர மாட்டாராம், என்னோடு காரில் வருகிறாராம்.