ஸ்பான்சர் முடிவாகாத ஜெர்சியில பேர் நம்பர் போட்டு ப்ரீ-ஆர்டர் பண்ணாதீங்க

புது சீசன் ஃபுட்பால் ஜெர்சி எல்லாம் வரிசையா ரிலீஸ் ஆகுற நேரம், அதனால இத இப்பவே எழுதிடறேன், நாள் போனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. உங்க டீமோட புது ஜெர்சி ஸ்பான்சர் பேரே இல்லாம ஃபோட்டோவுல வந்திருக்கு, நெஞ்சுல கிளப் முத்திரை மட்டும் இருக்கு, பாத்ததும் வாங்கிடணும்னு கை பரபரக்குதா, வாங்குங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா பின்னாடி பேர் நம்பர் பிரிண்ட் பண்ணச் சொல்லாதீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த மேலருந்து கீழ வரைக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. ஏன்னு சொல்றேன்.

எந்த கிளப், எந்த ஆன்லைன் கடைன்னு இப்ப பேர் போடல, பேங்க்ல புகார் நடந்துட்டு இருக்கு. இது போலி ஜெர்சி விக்கிற இடம் இல்ல. அதிகாரபூர்வ விற்பனையாளர்னு முகப்புலயே போட்டிருக்கிற கடை, ஜெர்சியும் ஒரிஜினல் தான், அந்த நம்பிக்கையில தான் நெறைய பேர் அங்க வாங்குறாங்க.

எங்க டீமுக்கு பழைய ஸ்பான்சர் ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சு, புதுசு இன்னும் கையெழுத்தாகல, அதனால கிளப் ஜெர்சிய அப்படியே லோகோ இல்லாம ரிலீஸ் பண்ணிட்டாங்க. இது ஒண்ணும் புதுசு இல்ல, செல்சீ 2023-24 சீசன ஆரம்பிச்சதே நெஞ்சுல யார் பேரும் இல்லாம தான், சில வாரம் கழிச்சு தான் ஸ்பான்சர் வந்தாங்க. எங்க ரசிகர்கள் குரூப்ல அன்னைக்கு ஒரே கொண்டாட்டம். எத்தன வருஷம் கழிச்சு துணியும் முத்திரையும் மட்டும் தெரியிற மாதிரி ஒரு ஜெர்சி, இது இப்படியே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு ஆளாளுக்கு எழுதினோம். அந்தக் கடையில முன்பக்கம், பின்பக்கம், காலர், க்ளோசப்னு எல்லா ஃபோட்டோவும் போட்டிருந்தாங்க, எதுலயும் லோகோ இல்ல, பின்னாடி ஸ்பான்சர் சேர்க்கப்படலாம்னு ஒரு வரி கூட கீழ இல்ல. எனக்கு பெரியவங்க சைஸ்ல ஒண்ணு, பிடிச்ச ப்ளேயர் பேரும் நம்பரும் போட்டு, எங்க அக்கா பையனுக்கு சின்னவங்க சைஸ்ல ஒண்ணு, ரெண்டையும் ஒரே ஆர்டர்ல போட்டு முழுப் பணமும் கட்டிட்டேன்.

அப்புறம் டெலிவரி தேதி தள்ளிக்கிட்டே போச்சு. பிரிண்டிங் பிரிவுல வேலை ஜாஸ்தி, கொஞ்சம் பொறுங்கன்னு மெயில் வரும், திரும்ப இன்னொரு மெயில் வரும். அந்த இடைவெளியில தான் கிளப் புது ஸ்பான்சர அறிவிச்சாங்க, ஒரு பெட்டிங் கம்பெனி. சரி, நாம வாங்கினது பழைய ஃபோட்டோவ பாத்து, நமக்கு அது தான் வரும், இல்லன்னா ஒரு வார்த்த கேப்பாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். யாரும் கேக்கல.

பார்சல் பிரிச்சா நெஞ்சு முழுக்க அந்த பெட்டிங் கம்பெனி பேர், இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் வரைக்கும், முத்திரையே அதுக்கு மேல ஒதுங்கி நிக்கிற மாதிரி இருக்கு. நான் பெட்டிங் விளம்பரத்த உடம்புல போட்டுக்க மாட்டேன், அது என் முடிவு, அதனால தான் முந்தின சில சீசன் ஜெர்சியே வாங்காம இருந்தேன். லோகோ இல்லாம வந்துதுன்னு தான் இந்த வருஷம் வாங்கினதே.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அதே டப்பாவுல வந்த சின்னவங்க சைஸ் ஜெர்சியில லோகோ இல்ல. ஃபோட்டோவுல இருந்த மாதிரியே சுத்தமா வந்திருக்கு. சின்னப் பசங்க சைஸ்ல பெட்டிங் பேர் போடக்கூடாதுன்னு இங்கிலாந்து கிளப்புங்களுக்கு பல வருஷமாவே விதி இருக்கு, அதனால அதத் தொடல. என் ஜெர்சிய வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா லோகோவ சுத்தி பளபளன்னு ஒரு சதுரத் தடம் தெரியுது, அது ஹீட் ப்ரெஸ் மெஷின் வச்சு அழுத்தின தடம், பாலியெஸ்டர் துணியில சூடு ஜாஸ்தியானா அப்படி விழும். எழுத்து வேற லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு. அதாவது லோகோ இல்லாத ஜெர்சி ஸ்டாக் அவங்க கையில இருந்திருக்கு, நான் காசு குடுத்து வாங்கின பொருள் அவங்ககிட்ட தயாரா இருந்திருக்கு, அதுக்கு மேல இவங்களே கொண்டு போய் ஒட்டியிருக்காங்க.

கஸ்டமர் கேர் சாட்ல போனேன். முதல்ல வந்தவர், சார் ஃபேக்டரியில இருந்து எல்லாமே லோகோவோட தான் வருதுன்னார். சின்ன சைஸ் ஃபோட்டோவ அனுப்பினேன், லைன் கட் ஆயிடுச்சு. அடுத்து வந்தவங்க, தளத்துல இருக்கிற படம் மாதிரிக்கு மட்டும் தான்னாங்க. அப்படின்னு நான் ஆர்டர் போட்ட அன்னைக்கு எங்க எழுதியிருந்துச்சுன்னு கேட்டா ஒரு லிங்க் குடுத்தாங்க, விதிமுறைகள் பக்கம், அதுல ஸ்பான்சர் லோகோ முன்னறிவிப்பு இல்லாம சேர்க்கப்படலாம்னு ஒரு வரி இருக்கு. இணையப் பக்கங்களோட பழைய பதிவ சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின் தளத்துல போய் அதே பக்கத்தோட பழைய பதிவ எடுத்துப் பாத்தேன், அந்த வரி அதுல இல்ல. ஸ்பான்சர் அறிவிப்புக்கு அப்புறம் சேர்த்திருக்காங்க. இதச் சொன்னதும் மூணாவதா மேலதிகாரின்னு ஒருத்தர் வந்தார், அவர் பேச்சு வேற மாதிரி, நீங்க பேரும் நம்பரும் போட்டிருக்கீங்க, அது தனிப்பட்ட தயாரிப்பு, ரிட்டர்ன் கிடையாது, அடுத்த ஆர்டருக்கு ஒரு டிஸ்கவுண்ட் கூப்பன் தரேன்னார். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் இதே பதில் தான், குரூப்ல மத்தவங்களுக்கும் எழுத்து மாறாம இதே பதில்.

நெறைய பேர் இந்த இடத்துல விட்டுடறாங்க. விடாதீங்க. பேர் போட்டா ரிட்டர்ன் இல்லங்கிறது, வாங்கினப்புறம் எனக்கு வேணாம், மனசு மாறிடுச்சுன்னு சொல்றவங்களுக்கான விதி. ஐரோப்பிய யூனியன்ல ஆன்லைன்ல வாங்கினத காரணமே சொல்லாம 14 நாளுக்குள்ள திருப்பலாம்னு சட்டம் இருக்கு, அதுல தான் தனிப்பட்ட தயாரிப்புக்கு விலக்கு. காட்டினது ஒண்ணு அனுப்பினது ஒண்ணுன்னா அது வேற கணக்கு. பிரிட்டன்ல 2015 கன்சூமர் ரைட்ஸ் சட்டப்படி, சொன்ன மாதிரி இல்லாத பொருள 30 நாளுக்குள்ள வேணாம்னு தள்ளி முழுப் பணம் கேக்கலாம், பின்னாடி உங்க பேரே அச்சடிச்சிருந்தாலும் கேக்கலாம். மத்த நாட்டுல இருக்கவங்க அவங்கவங்க ஊர் விதிய பாத்துக்கோங்க, ஆனா கார்டுல கட்டினவங்க எல்லாரும் பேங்க்ல சார்ஜ்பேக், அதாவது கட்டின பணத்த பேங்க் மூலமா திருப்பிக் கேக்கிற புகார், போட முடியுமான்னு முதல்ல கேளுங்க, பொருள் விவரித்தபடி இல்லைன்னு காரணம் குடுங்க. மனசு மாறிடுச்சு, பிடிக்கலங்கிற வார்த்தய மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க, கடைக்காரன் அதத் தான் எதிர்பாக்கிறான்.

இதுல நான் மாட்டின இடம் ஆதாரம். ஆர்டர் கன்ஃபர்மேஷன் மெயில்ல ஜெர்சி படம் இருந்துச்சே, அதக் காட்டலாம்னு மெயில தொறந்தா படத்துல லோகோ வந்து உக்காந்திருக்கு! மெயிலுக்குள்ள வர்ற படம் பல கடைங்கள்ல மெயிலோட சேர்ந்து வர்றது இல்ல, அவங்க சர்வர்ல இருந்து ஒவ்வொரு தடவையும் எடுத்துக் காட்டும், அங்க படத்த மாத்தினா உங்க பழைய மெயில்லயும் மாறிடும். வேபேக் மெஷின்ல எழுத்து மட்டும் பதிவாகியிருக்கு, படம் இருந்த இடம் காலியா கிடக்கு. அதனால தான் ஸ்க்ரீன்ஷாட் ஸ்க்ரீன்ஷாட்னு அடிச்சுக்கிறேன். தேதியும் நேரமும் தெரியிற மாதிரி எடுங்க.

லோகோவ நாமளே எடுத்துடலாம்னு யோசிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். குரூப்ல ஒரு தம்பி அயர்ன் பாக்ஸ் வச்சு சூடு பண்ணி உரிச்சுப் பாத்தான். எழுத்து வந்துடுச்சு, ஆனா பசை அப்படியே நிக்குது, அந்த இடத்துல துணி நிறம் வேற மாதிரி ஆயி கம்பெனி பேர் பேய் மாதிரி இன்னும் படிக்க முடியுது. இப்ப அவனால திருப்பி அனுப்பவும் முடியாது, ஏன்னா பொருள சேதப்படுத்திட்டான்னு சொல்லிடுவாங்க. நான் துவைக்கல, டேக் கூட கழட்டல, கவரோட வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே வைங்க.

இத எழுதினதும் குரூப்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. ஸ்பான்சர் இல்லாத ஜெர்சி ட்ரெயினிங் பனியன் மாதிரி இருக்கு, லோகோ தான் அந்தக் காலத்த ஞாபகப்படுத்துதுன்னு ஒரு அண்ணன் எழுதினார். அவர் சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. ஆர்சனல் ஜெர்சியில ஜேவிசிங்கிற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி பேர் 1981ல இருந்து 1999 வரைக்கும் இருந்துச்சு, அந்தப் பேர எடுத்துட்டா அந்த ஜெர்சிய பழைய ரசிகர்கள் அடையாளமே கண்டுபிடிக்க மாட்டாங்க. இத்தாலி கிளப் ஃபியோரெண்டினாவோட ஊதா ஜெர்சியில வீடியோ கேம் கம்பெனி நிண்டெண்டோ பேர் இருந்தத இன்னைக்கும் தேடித் தேடி வாங்குறாங்க. நானும் லோகோவே கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல. கிளப்புக்கு காசு வேணும், 1973லயே ஜெர்மனியில ஐன்ட்ராக்ட் பிரவுன்ஷ்வைக் கிளப் யேகர்மைஸ்டர் மது கம்பெனிக்காக முத்திரையவே மான் தலையா மாத்திக்கிட்டு ஆடினாங்க, விளம்பரத் தடைய தாண்டுறதுக்காக. பார்சிலோனா அத்தன வருஷம் நெஞ்ச யாருக்கும் விக்காம இருந்து, 2006ல யூனிசெஃப் பேர போட்டு அதுக்கு இவங்களே காசும் குடுத்து, கடைசியில 2011ல கத்தார் ஃபவுண்டேஷனுக்கு வித்தாங்க. அப்ப எத்தன ரசிகர்கள் வருத்தப்பட்டாங்கன்னு ஞாபகம் இருக்கும்.

எந்தப் பேர நெஞ்சுல சுமக்கிறோம்ங்கிறது ரசிகனுக்கு சின்ன விஷயம் இல்ல. நியூகாசில்ல வட்டிக்கு கடன் குடுக்கிற வோங்கா பேர் வந்தப்ப 2013ல அந்த டீம் ப்ளேயர் பாப்பிஸ் சிசே மத நம்பிக்கைய சொல்லி முதல்ல போட மறுத்தார், அப்புறம் தான் ஒத்துக்கிட்டார். நார்விச் 2021ல ஒரு பெட்டிங் கம்பெனிய ஸ்பான்சர்னு அறிவிச்சு, ரசிகர்கள் கொதிச்சதும் சில நாள்லயே அந்த ஒப்பந்தத்த கைவிட்டாங்க. கம்பெனியே திவாலானாலும் அவஸ்த ரசிகனுக்கு தான், 2008ல எக்ஸ்எல் டிராவல் கம்பெனி விழுந்தப்ப வெஸ்ட்ஹாம் ப்ளேயருங்க அந்தப் பேருக்கு மேல துண்டுத் துணி ஒட்டி மறைச்சுட்டு ஆடினாங்க, அந்தப் பேரோட ஜெர்சி வாங்கின ரசிகர்கள் பீரோவுல அது அப்படியே கிடந்துச்சு. இவ்வளவு கனமான விஷயத்த, அது வெறும் டிசைன் மாற்றம் தானேன்னு சாட்ல ஒருத்தர் எனக்கு எழுதினார் பாருங்க, அது தான் பணம் போனத விட வலிக்குது.

இது இனிமே ஜாஸ்தியாகும்னு எனக்கு பயமா இருக்கு. இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்புங்க 2023 ஏப்ரல்ல ஒத்துக்கிட்டபடி 2025-26 சீசன் முடியிறதோட நெஞ்சுல பெட்டிங் பேர் போடறது நிக்குது, கைப்பகுதிக்கு அந்தத் தடை இல்ல. நல்ல முடிவு தான், ஆனா ஒரே நேரத்துல நெறைய கிளப் புது ஸ்பான்சர் தேடும், ஒப்பந்தம் முடியாமலே ஜெர்சி கடைக்கு வரும், நெஞ்சு காலியா இருக்கிற ஃபோட்டோவ காட்டி ஆர்டர் பிடிப்பாங்க. அப்ப கடைக்கு ஒரு மெயில் போட்டு, லோகோ இல்லாத ஜெர்சி தான் அனுப்புவீங்களா, கைப்பகுதியில எதுவும் வருமா, பின்னாடி மாறினா கேன்சல் பண்ண முடியுமான்னு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. ஃபோன்ல சொன்னது செல்லாது. பேர் போடணும்னா அப்புறமா தனியா குடுத்து போட்டுக்கலாம், கொஞ்சம் செலவு ஜாஸ்தி ஆகும், பரவால்ல.

இப்ப நிலவரம் என்னன்னா, பேங்க் என் புகார எடுத்துக்கிட்டாங்க, கடைக்காரங்க தனிப்பட்ட தயாரிப்புன்னு அதே பதில அங்கயும் குடுத்திருக்காங்க, அதுக்கு நான் பதில் அனுப்பணும். ரெண்டு ஜெர்சியும் பக்கத்து பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுத்து சேர்த்திருக்கேன், விதிமுறை பக்கத்தோட பழைய பதிவும் சேர்த்திருக்கேன். ரிலீஸ் ஆன அன்னைக்கு அந்த சேல்ஸ் பக்கத்த ஸ்க்ரீன்ஷாட்டோ ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கோ எடுத்தவங்க இங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு மெசேஜ் பண்ணுங்க, கடை பேர அங்க சொல்றேன், உங்க பேர் விவரம் எல்லாம் மறைச்சுட்டு அனுப்பினா போதும். இதே மாதிரி மாட்டினவங்களும் எழுதுங்க, ஒரே கடை மேல நாலஞ்சு பேர் புகார் சேர்ந்தா ஒண்ணா நுகர்வோர் அமைப்புக்கு குடுத்துடலாம்.