ஸ்கெல்லிக்கா, எ மான்ஸ்டர் கால்ஸா: வகுப்பில் எதைப் படிக்கலாம்?

அன்றாட வாழ்க்கைக்குள் மாயம் இயல்பாக வந்து கலக்கும் மாய யதார்த்த நாவல் ஒன்றை வகுப்பில் சேர்ந்து படிக்கலாம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: டேவிட் ஆல்மண்டின் ‘ஸ்கெல்லிக்’ (1998), பேட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ (2011). இரண்டும் சிறார் நூல்களுக்கான பிரிட்டிஷ் விருதான கார்னகி பதக்கம் பெற்றவை. இரண்டிலும் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு பையன் பயந்துபோய் இருக்கிறான், அந்த நேரம் பார்த்து விளங்காத ஒன்று வந்து சேர்கிறது.

என் ஓட்டு ‘ஸ்கெல்லிக்’குக்குத்தான். புது வீட்டின் பாழடைந்த கராஜில் தூசியும் செத்த ஈக்களும் அப்பிக் கிடக்கும் ஓர் ஆளை மைக்கேல் பார்க்கிறான். அந்த ஆளுக்கு மூட்டுவலி. ஆஸ்பிரின் கேட்கிறார். சைனீஸ் உணவுப் பட்டியலில் 27-உம் 53-உம் வேண்டும் என்கிறார். அதே ஆளுக்கு முதுகில், கோட்டுக்கு அடியில், இறக்கை. மாய யதார்த்தம் என்றால் என்ன என்று பலகையில் எழுதி விளக்குவதைவிட அந்த ஆஸ்பிரின் மாத்திரையைக் காட்டிவிடலாம். அவர் தேவதையா, பறவையா, மனிதரா என்று நாவல் கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில், நோயுற்ற கைக்குழந்தையான மைக்கேலின் தங்கையோடு இருக்கும் அம்மா, அழுக்கான ஒருவர் இரவில் வந்து குழந்தையைத் தூக்கியதைப் பார்த்ததாகச் சொல்லும் இடம் வரும். கனவா, நிஜமா? அங்கே புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாடவேளை முழுக்கப் பிள்ளைகளே பேசுவார்கள். அத்தியாயங்கள் சின்னவை, வாய்விட்டுப் படிக்கத் தோதானவை.

‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ உலுக்கும் புத்தகம். புற்றுநோயால் 2007-இல் இறந்துபோன ஷிவான் டவுடின் கதைக்கருவை வாங்கி நெஸ் எழுதியது. நள்ளிரவு 12:07-க்கு மரம் ஒன்று அரக்கனாய் எழுந்து வந்து, அம்மா நோயில் கிடக்கும் சிறுவன் கானருக்கு மூன்று கதைகள் சொல்கிறது. நாலாவதை அவன் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக. முதல் கதையில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்ற வழக்கு ஒன்றே நல்ல விவாதத்துக்குப் போதும். ஜிம் கேயின் கறுப்பு வெள்ளைப் படங்களும் அருமை. ஆனால் வகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. அரக்கன் என்றால் கானரின் குற்ற உணர்ச்சி என்று யாராவது சீக்கிரமே சொல்லிவிடுவார்கள். அப்புறம் மாயம் வெறும் உருவகமாகச் சுருங்கிவிடும்.

லாரா ரூபியின் ‘போன் கேப்’ (2015) மூன்றாவதாக நினைவுக்கு வருகிறது. கடத்தப்பட்ட பெண் ஒருத்தியின் கதை, கோணம் மாறி மாறிப் போகும். 16 வயதுக்கு மேல் என்றால் சரி.

நெஸ்ஸின் நாவலையே எடுப்பதாக இருந்தால், வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டிலாவது அம்மாவோ அப்பாவோ படுக்கையில் இருக்கிறார்களா என்று முதலில் சத்தமில்லாமல் விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்த வருஷம் அதை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டாம். அந்தப் பிள்ளையே வந்து கேட்டால், வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுங்கள்.