கேள்வித்தாளா, வழக்குக் கோப்பா?

சடங்கின் பெயரால் குழந்தைகள் வதைக்கப்படுவதாக எழும் புகார்களை ஆராய விரும்பும் சேலத்து சமூகப்பணி மாணவர்களுக்கு முன்மாதிரிகள் இரண்டு உண்டு. அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் கெயில் குட்மன் குழுவினர் உளவியலாளர்கள், காவல்துறையினர் முதலானோருக்குக் கேள்வித்தாள் அனுப்பினர். 12,000க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் குவிந்தும், தலைமுறை தலைமுறையாய் இயங்கும், சாத்தானை வழிபடும் ரகசியக் குழு ஒன்றுகூட உறுதிப்படவில்லை. மாறாக, பேயோட்டுவதாக அடித்ததும், நம்பிக்கையின் பேரில் மருத்துவத்தை மறுத்ததும் மெய்யான கொடுமைகளாக வெளிப்பட்டன.

பிரிட்டனில் மானுடவியலாளர் ஜீன் லா ஃபொன்டெய்ன், 84 வழக்குகளை ஆராய்ந்து 1994இல் அறிக்கை தந்தார். சடங்கு நடந்ததற்குச் சான்று கிடைத்தவை மூன்றே. அவற்றிலும் சாத்தான் வழிபாடு இல்லை, பாலியல் கொடுமைக்குச் சடங்கு வெறும் போர்வையாகவே இருந்தது.

வதந்தியைச் சலித்தெடுக்க, கேள்வித்தாளைவிட லா ஃபொன்டெய்ன் போல வழக்குக் கோப்புகளை ஆராய்வதே மேல் என்பது என் கருத்து. ஆயினும், காய்ச்சல் கண்ட பிள்ளையை வேப்பிலையால் விளாசிய சம்பவம் எந்தக் காவல் நிலையத்திலும் கோப்பாவது அரிது என்பதால், ஏற்காடு மலைக் கிராமங்களில் அங்கன்வாடிப் பணியாளரையும் கிராம செவிலியரையும் கேட்டே ஆகவேண்டும். (ரகசியம் காப்பதாக முழு வாக்குறுதி தர இயலாது, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது ஆய்வாளருக்கும் கடமை.)